மூன்று மணியும் மூன்று மணி நேரமும்

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் குழு புதிதாக எழுதிய ஒரு சர்வரை ஓடவிட்டோம். வெள்ளிக்கிழமை மாலையில் எதையும் ஓடவிடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. முதல் நொடியிலிருந்தே எல்லாம் தோற்றது. டேட்டாபேஸுக்குப் போன அழைப்பு, பேமென்ட் பக்கம் போன அழைப்பு, எதுவும் தேறவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: கெடு முடிந்துவிட்டது. நெட்வொர்க் கோளாறு என்றார் ஒருவர். ஃபயர்வால் தடுக்கிறது என்றார் இன்னொருவர். முக்கால் மணி நேரம் இப்படிப் போன பிறகுதான் லாகில், அதாவது சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவில், ஒரு வரி கண்ணில் பட்டது. டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் கெடு) என்று போட்டு, பக்கத்தில் 30 என்எஸ். அதாவது முப்பது நானோ நொடி; ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் முப்பது பங்கு.

முப்பது நானோ நொடியில் ஒளியே ஒன்பது மீட்டர்தான் போகும். எங்கள் கேள்வி அந்தக் கட்டடத்தை விட்டுக்கூட வெளியே போயிருக்காது.

நடந்தது இதுதான். சர்வரின் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலில் டைம்அவுட்டுக்கு எதிரே வெறும் 30 என்று எழுதியிருந்தோம். எழுதியவர் மனதில் அது நொடி. படித்த கோடுக்கு, அதாவது நிரலுக்கு, அது நானோ நொடி. இரண்டு பேரும் தத்தம் கணக்கில் சரிதான். நடுவில் அலகு மட்டும் விழுந்துபோயிருந்தது.

அந்த சர்வர் எழுதப்பட்டது கோ மொழியில். கூகுள் 2009-இல் வெளியிட்ட இந்த மொழி, கால அளவைக் கையாளும் விதத்தில் பல மொழிகளைவிட யோசித்துக் கட்டப்பட்டது. அதையும் தாண்டித்தான் நாங்கள் விழுந்தோம். அது எங்கே தடுக்கிறது, எங்கே ஓட்டை விடுகிறது, எதைச் செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்று பார்த்தால் கால அளவு என்ற விஷயமே கொஞ்சம் புரிய ஆரம்பிக்கும்.

தமிழ் பேசுகிறவருக்கு இதில் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். "மூணு மணிக்கு வா" என்பது வேறு, "மூணு மணி நேரம் ஆகும்" என்பது வேறு. 'நேரம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டதும் கடிகாரத்தில் இருந்த ஒரு புள்ளி, ஒரு நீளமாகிவிடுகிறது. ஐந்து வயதுக் குழந்தையும் இதில் தடுமாறாது. ஆனால் கணினியில் வெகுகாலம் இரண்டுமே வெறும் எண்கள். யூனிக்ஸின் ஸ்லீப்புக்கு 5 கொடுத்தால் ஐந்து நொடி தூங்கும். அதன் தம்பி யூஸ்லீப்புக்கு அதே 5 கொடுத்தால் ஐந்து மைக்ரோ நொடி. ஜாவாவின் திரெட் ஸ்லீப்பும் ஜாவாஸ்கிரிப்டின் செட்டைம்அவுட்டும் மில்லி நொடியில் கேட்கும். எண்ணைப் பார்த்து எந்த அலகு என்று யாரும் சொல்ல முடியாது. ஆவணத்தைப் படித்திருக்க வேண்டும், படித்தது நினைவிலும் இருக்க வேண்டும்.

கோ இந்த இரண்டையும் இரண்டு டைப்பாக, அதாவது தரவு வகையாக, பிரித்தது. டைம் என்பது ஒரு கணம். டியூரேஷன் என்பது ஒரு நீளம். ஒரு கணத்திலிருந்து இன்னொரு கணத்தைக் கழித்தால் நீளம் கிடைக்கும். கணத்தோடு நீளத்தைக் கூட்டினால் வேறொரு கணம் கிடைக்கும். கணத்தையும் கணத்தையும் கூட்ட வழியே வைக்கவில்லை. மதுரைக்கும் சென்னைக்கும் நடுவே தூரம் உண்டு. மதுரையையும் சென்னையையும் கூட்டினால் என்ன வரும்?

உள்ளே பார்த்தால் டியூரேஷன் ஒன்றும் பெரிய சங்கதியில்லை. 64 பிட் முழு எண், நானோ நொடிக் கணக்கு, அவ்வளவுதான். முன்னும் பின்னுமாக இரண்டு பக்கத்திலும் சுமார் 292 ஆண்டு வரை அதில் அடங்கும். வலைச் சேவை எழுதுகிறவருக்கு இது தாராளம். ஆனால் சென்னையின் வயது என்ன என்று 1639 ஆகஸ்ட் 22-ஐ இன்றைய தேதியிலிருந்து கழித்துப் பாருங்கள். பிழை என்று எதுவும் வராது. 292 ஆண்டுக்குச் சமமான, தனக்குத் தெரிந்த ஆகப் பெரிய அளவைக் கூச்சமில்லாமல் கையில் கொடுக்கும்.

நானோ நொடி 1. மைக்ரோ நொடி அதைப் போல் ஆயிரம். அப்படியே மில்லி நொடி, நொடி, நிமிடம், மணி என்று ஆறு மாறிலிகள் வரிசையாக இருக்கின்றன. ஐந்து நொடி வேண்டுமென்றால் 5-ஐ டைம்.செகண்டால் பெருக்க வேண்டும். நிரலைப் படிக்கும்போதே 'ஐந்து நொடி' என்று காதில் விழும். இதுவரை அழகு.

இனி ஓட்டை. நிரலில் நேரடியாக எழுதிய 5 என்ற எண்ணுக்கு கோ மொழியில் சொந்த டைப் கிடையாது. எந்தப் பாத்திரத்தில் ஊற்றுகிறோமோ அந்த வடிவம். ஆகவே டைம்.ஸ்லீப்(5) என்று எழுதினால் எழுதியதைச் சரிபார்த்துக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் வாயைத் திறக்காது, ஐந்து நானோ நொடி என்று எடுத்துக்கொள்ளும். நம் கண்ணுக்கு அது தூங்காததற்குச் சமம். தோற்ற அழைப்பை ஐந்து நொடி விட்டு மறுபடி முயல எழுதிய லூப், மூச்சு விடாமல் எதிர் சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

அதே ஐந்தை ஒரு மாறியில் வைத்துக் கொடுத்தால் நிலைமை வேறு. இது முழு எண், எனக்கு டியூரேஷன் வேண்டும் என்று கம்பைலர் தடுத்துவிடும். தடுத்ததும் நம் ஆள் என்ன செய்வார்? மாறியைச் சுற்றி டியூரேஷன் என்று போர்த்திவிடுவார். கம்பைலர் அமைதியாகிவிடும். நொடியால் பெருக்க மறந்துபோயிருக்கும். டைப் மாற்றம் ஒரு லேபிளைத்தான் ஒட்டுகிறது. அலகைக் கணக்கிட்டுத் தருவதில்லை. கோ கோடு ரிவ்யூ செய்யும்போது நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். அரை நொடி என்று 0.5-ஐ ஒரு தசம மாறியில் வைத்துப் போர்த்தினால் இன்னும் மோசம்: தசமம் வெட்டுப்பட்டுப் பூஜ்ஜியமாகும், பிறகு அதை எந்த நொடியால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். முதலில் பெருக்கி, பிறகு மாற்ற வேண்டும்.

எதிர்த் திசையிலும் விழலாம். ஏற்கெனவே ஐந்து நொடியாக இருக்கும் ஒரு டியூரேஷனை, பாதுகாப்புக்கு என்று இன்னொருமுறை டைம்.செகண்டால் பெருக்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். நொடியை நொடியால் பெருக்கினால் இயற்பியல் வாத்தியார் அடிப்பார். கோவுக்கு இரண்டும் ஒரே டைப், அதனால் விட்டுவிடும். ஐந்நூறு கோடியை நூறு கோடியால் பெருக்கினால் 5-க்குப் பின்னால் 18 பூஜ்ஜியம். 64 பிட்டில் இது கொள்ளும். விளைவு, உங்கள் நிரல் சுமார் 158 ஆண்டு காத்திருக்கும். இதே தவறைப் பத்து நொடியில் செய்தால் எண் கொள்ளாமல் சுழன்று மைனஸில் போய் விழும். மைனஸ் நேரம் தூங்கச் சொன்னால் ஸ்லீப் உடனே திரும்பிவிடும். ஐந்து நொடிக்கு ஒன்றரை நூற்றாண்டு, பத்து நொடிக்கு ஒன்றுமேயில்லை. இப்படி ஒரு பக்கைக் கையில் கொடுத்தால் யார் முதலில் பெருக்கலைச் சந்தேகப்படுவார்கள்?

சி பிளஸ் பிளஸ் இதை இன்னும் கறாராகச் செய்தது. 2011 பதிப்பில் வந்த குரோனோ நூலகத்தில் நொடி, மில்லி நொடி எல்லாம் தனித்தனி டைப்புகள். நொடியை நொடியால் பெருக்க விடாது. வெறும் 5-ஐக் கொடுத்தாலும் வாங்காது, எந்த அலகு என்று கேட்கும். விலை என்னவென்றால், பிழைச் செய்தி ஒரு பக்கம் நீளும்.

சரி, மணி வரை வந்தாயிற்று. நாள் எங்கே? கோ மொழியில் நாள் என்ற மாறிலியே இல்லை. 'ஒரு மணி முப்பது நிமிடம்' என்பதை எழுத்தாகக் கொடுத்தால் புரிந்துகொள்ளும் அதே மொழி, 'ஏழு நாள்' என்று கொடுத்தால் தெரியாத அலகு என்று திருப்பி அனுப்பும். மறந்துபோய் விட்டதில்லை. சில நாடுகளில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றி வைக்கும் நேரத்தில் குழப்பம் வரக் கூடாதென்றே நாளும் அதற்கு மேலும் வைக்கவில்லை என்று நூலகத்தின் மூலக் கோடிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் வளர்ந்த நிரலாளருக்கு இது வீம்பாகத் தெரியும். நாள் என்றால் 24 மணி நேரம், இதில் என்ன குழப்பம்? குழப்பம் இல்லாததுதான் நம் சிக்கல். பழைய போர்க் காலங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்ததோடு சரி, அதன் பிறகு இங்கே கடிகாரம் நகர்ந்ததில்லை. ஓஎம்ஆரில் உட்கார்ந்து நியூயார்க் வாடிக்கையாளருக்கு எழுதும்போதுதான் இடிக்கிறது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை இரண்டு மணி அடிக்கும்போது கடிகாரம் மூன்றுக்குத் தாவும். அன்றைக்கு நாள் 23 மணி நேரம். நவம்பர் முதல் ஞாயிறு 25 மணி நேரம்.

2024 மார்ச் 9, சனிக்கிழமை காலை 9 மணி, நியூயார்க். மாத்திரை நினைவூட்டும் செயலி ஒன்று 'நாளைக்கு இதே நேரம்' என்று குறித்துக்கொள்கிறது. கோ மொழியில் 24 மணி நேரத்தைக் கூட்டினால் ஞாயிறு காலை 10 மணி வரும். தேதியில் ஒரு நாளைக் கூட்டும் ஆட்டேட் முறையை அழைத்தால் 9 மணி வரும், ஆனால் நடுவே கழிந்தது 23 மணி நேரம்தான். எது சரி என்பது கேள்வியைப் பொறுத்தது. மாத்திரை காலைக் காப்பியோடு போக வேண்டியதென்றால் 9 மணி. இரண்டு வேளைக்கு நடுவே 24 மணி நேரம் கட்டாயம் இருக்க வேண்டிய மருந்தென்றால் 10 மணி. நூலகம் நமக்காக இதை முடிவுசெய்ய முடியாது. கேட்கத்தான் முடியும். ஜாவா 2014-இல் தன் எட்டாம் பதிப்பில் இதற்காக இரண்டு டைப்பே வைத்தது: டியூரேஷன் என்றால் நொடிக் கணக்கு, பீரியட் என்றால் நாட்காட்டிக் கணக்கு. டியூரேஷனில் ஒரு நாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 24 மணி நேரம். பீரியடில் ஒரு நாள் என்றால் அடுத்த தேதி.

நியூயார்க் வரை போவானேன், கொழும்பு போதும். 1996-இல் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை தன் கடிகாரத்தை மே 25 அன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. உலகப் பொது நேரமான யூடிசியிலிருந்து ஐந்தரை மணி நேரமாக இருந்தது ஆறரை ஆயிற்று. அதே அக்டோபர் 26-இல் அரை மணி நேரம் பின்னே வந்து ஆறு. 2006 ஏப்ரல் 15-இல் இன்னும் அரை மணி நேரம் பின்னே வந்து பழைய ஐந்தரை. ஆகவே இலங்கையில் 23 மணி நேர நாள் ஒன்றும், இருபத்து நாலரை மணி நேர நாள் இரண்டும் உண்டு. இதிலும் ஒரு கிளை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய ஐந்தரை நேரமே தொடர்ந்தது. கணினிகள் எல்லாம் நம்பியிருக்கும் டைம்ஸோன் தரவுத்தளத்திலோ இலங்கைக்கு ஒரே பதிவு, கொழும்பின் பெயரில். 2000-ஆம் ஆண்டு கிளிநொச்சியில் பிறந்த ஒருவருக்கு ஜாதகம் கணிக்கும் மென்பொருள், வீட்டில் சொன்ன பிறந்த நேரத்தைக் கொழும்பு நேரம் என்று எடுத்துக்கொண்டால் அரை மணி நேரம் பிசகும். நாழிகைக் கணக்கில் ஒன்றேகால். லக்னம் மாறிவிட அது போதும். ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்; கழித்தலாவது சரியாக இருக்கட்டும்.

2011-இல் சமோவா டிசம்பர் 30-ஐ முழுசாக விழுங்கிவிட்டு 29-இலிருந்து நேரே 31-க்குப் போனது. அங்கே பூஜ்ஜியம் மணி நேர நாளும் உண்டு.

மாதத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, அது ஒரு நீளமே கிடையாது என்பது சம்பளம் வாங்கும் யாருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் காட்டுகிறேன். 2025 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டச் சொன்னால் ஜாவா பிப்ரவரி 28 என்று சொல்லும். கோ, பிப்ரவரி 31 என்று கணக்குப் போட்டு, அப்படி ஒரு தேதி இல்லாததால் மிச்ச மூன்று நாளை மார்ச்சுக்குத் தள்ளி, மார்ச் 3 என்று சொல்லும். மாதச் சந்தா வசூலிக்கும் நிரலை ஜாவாவிலிருந்து கோவுக்கு மாற்றுகிறவர்கள் வரிக்கு வரி அப்படியே பெயர்த்து எழுதினால், பிப்ரவரியில் பணம் வராது. சி பிளஸ் பிளஸ் 2020-இல் மாதத்துக்கும் ஒரு டைப் கொடுத்துவிட்டது: ஆண்டின் சராசரியைப் பன்னிரண்டால் வகுத்து, ஒரு மாதம் 26,29,746 நொடி. கணிதப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் அதை ஒரு கணத்தோடு கூட்டினால், காலை 9 மணி சந்திப்பு அடுத்த மாதம் ஒரு விநோத நேரத்தில் வந்து நிற்கும்.

இதுவரை பார்த்தது, நீளத்தை எப்படி எழுதுவது என்பது. அளப்பது தனிக் கதை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்க, தொடங்கும்போது மணி பார்த்து, முடியும்போது மணி பார்த்துக் கழிப்போம். நடுவில் யாராவது சுவர்க்கடிகாரத்தைத் திருத்தி வைத்தால்? கணினியில் இது தினமும் நடக்கும். நெட்வொர்க்கில் இருக்கும் நேர சர்வரைப் பார்த்து அது தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். முன்னே போகும், சில சமயம் பின்னேயும் வரும். பின்னே வந்த கணத்தில் அளந்துகொண்டிருந்தவருக்குக் கிடைப்பது மைனஸ் நீளம்.

2016 டிசம்பர் 31 நள்ளிரவு யூடிசியில், இந்தியாவில் புத்தாண்டு விடிந்து ஐந்தரை மணி ஆகும்போது, உலகக் கடிகாரத்தில் ஒரு லீப் நொடி சேர்க்கப்பட்டது. பூமியின் சுழற்சி கொஞ்சம் பிந்துவதை ஈடுகட்ட அவ்வப்போது சேர்க்கும் கூடுதல் நொடி அது. பல கணினிகள் அதற்கென்று தனி இடம் ஒதுக்காமல், அதே நொடியை இரண்டாம்முறை காட்டிச் சமாளிக்கின்றன. இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் மென்பொருள் கோ மொழியில் எழுதப்பட்டது. கேள்விக்குப் பதில் வர ஆன நேரத்தை அளந்து, எந்த சர்வர் வேகமானது என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுப்பது அதன் வழக்கம். அந்த நள்ளிரவில் சில அளவுகள் மைனஸாக வந்தன. குலுக்கல் எண் தரும் செயல்கூறு மைனஸைக் கொடுத்தால் நிரலையே நிறுத்திவிடும், நிறுத்தியது. காலம் பின்னால் போகாது என்று நம்பியதுதான் பிழை என்று அந்நிறுவனமே பிறகு விளக்கம் எழுதியது.

2017 ஆகஸ்டில் வந்த கோ 1.9 இதை நிரலாளரிடம் எதுவும் கேட்காமலே சரிசெய்தது. அது முதல் டைம்.நவ் என்று கேட்டால் இரண்டு கடிகாரத்தின் அளவும் ஒன்றாக வரும்: மணி சொல்லும் சுவர்க்கடிகாரம் ஒன்று, எங்கே தொடங்கியதென்ற கவலையில்லாமல் முன்னோக்கி மட்டுமே ஓடும் ஸ்டாப்வாட்ச் ஒன்று. மணி கேட்டால் முதலாவது பதில் சொல்லும். கழிக்கச் சொன்னால் இரண்டாவது. பழைய கோடில் ஒரு எழுத்து மாற்ற வேண்டியிருக்கவில்லை. நல்ல நூலகத் திருத்தம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஆனால் ஸ்டாப்வாட்ச் அளவு அந்த நிரல் ஓடும்வரைதான் உயிரோடு இருக்கும். நேரத்தை டேட்டாபேஸில் எழுதித் திரும்பப் படித்தால் சுவர்க்கடிகாரம் மட்டுமே மிஞ்சும். லேப்டாப்பை மூடி வைத்தால் சில இயங்குதளங்களில் ஸ்டாப்வாட்சும் சேர்ந்து தூங்கிவிடும்; ராத்திரி மூடிக் காலையில் திறந்தவருக்கு நடுவே சில நொடிதான் கழிந்ததாகக் கணக்கு வரும். லீப் நொடியை 2035-க்குள் கைவிடலாம் என்று 2022 நவம்பரில் உலக அளவியல் மாநாடு முடிவெடுத்துவிட்டது. சுவர்க்கடிகாரத்தைத் திருத்துவது அதோடு நிற்கப்போவதில்லை.

மற்ற மொழிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். பைத்தானின் டைம்டெல்டா தன் நீளத்தை நாள், நொடி, மைக்ரோ நொடி என்று மூன்று டப்பாவில் பிரித்து வைக்கிறது. 26 மணி நேரத்தை எடுத்து, அதில் 'செகண்ட்ஸ்' எவ்வளவு என்று கேட்டால் 7200 என்று சொல்லும், அதாவது இரண்டு மணி நேரம். நாள் டப்பாவில் இருக்கும் 24 மணி நேரத்தை அது சொல்லாது, நீங்கள் கேட்கவில்லையே. முழு நீளம் வேண்டுமென்றால் 'டோட்டல் செகண்ட்ஸ்' என்று கேட்க வேண்டும். சோதனையில் இது மாட்டவே மாட்டாது, ஏனென்றால் யாரும் 24 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து சோதிப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் செட்டைம்அவுட்டுக்கு முப்பது நாள் என்று மில்லி நொடியில் கணக்கிட்டுக் கொடுங்கள். 32 பிட்டில் அடங்கும் எல்லை சுமார் 24 நாள் 20 மணி நேரம். அதைத் தாண்டியதும் முப்பது நாள் கழித்து நடக்க வேண்டியது அந்தக் கணமே நடந்துவிடும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். டியூரேஷன் தன்னை அச்சிடும்போது அலகோடு அச்சிடும் என்பதால்தான் அந்த வெள்ளிக்கிழமை முக்கால் மணி நேரத்தோடு போயிற்று. வெறும் 30 என்று லாகில் வந்திருந்தால் ஃபயர்வாலைத் திட்டியபடி விடியும்வரை உட்கார்ந்திருப்போம். வேடிக்கை என்னவென்றால், அச்சிடுவதில் இவ்வளவு ஒழுங்காக இருக்கும் அதே டைப், நிரல்கள் தமக்குள் தரவு பரிமாறும் ஜேசன் வடிவத்துக்கு மாறும்போது அலகைக் கழற்றிவிட்டு நானோ நொடியில் வெறும் எண்ணாகப் போகும். உள்ளே வரும்போதும் வெறும் எண்ணைத்தான் வாங்கும். இதை மாற்ற வேண்டும் என்று எத்தனையோ பேர் கேட்டாயிற்று. பழைய கோடு உடைந்துவிடுமே என்ற பயத்தில் அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை கான்ஃபிக்கில் இருந்த எல்லாக் கால அளவையும் எழுத்து வடிவத்துக்கு மாற்றினோம். 30 என்ற இடத்தில் 30 எஸ். அலகு இல்லாத எண் வந்தால் சர்வர் கிளம்பவே கிளம்பாது. இரண்டு மாதம் கழித்து, உள்ளே நுழைந்தவரை அடையாளம் காட்டும் லாகின் டோக்கன் எத்தனை நாள் செல்லும் என்பதைச் சேர்க்க வந்த புதுப் பையன் '7 டி' என்று போட்டான். சர்வர் கிளம்பவில்லை. "டி-ன்னா என்னன்னு தெரியாதாம்ணே" என்று வந்து நின்றான். எந்த ஊர் நாள்டா என்று கேட்டேன். முழித்தான். அமெரிக்கா, மார்ச், ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிக்கொண்டு போனேன், கேட்டுக்கொண்டான். மாலையில் பார்த்தபோது அந்த வரியில் 168 மணி நேரம் என்று இருந்தது. பக்கத்தில் கமென்ட்: ஏழு நாள், ஏறக்குறைய.